சுவர்ப் பிள்ளைக்குக் கண் வைத்த நாள்

சுவரில் சாமி படம் இருந்தால் அங்கே நின்று யாரும் ஒண்ணுக்குப் போக மாட்டார்கள். எங்கள் சித்தூரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நான் சொல்லப் போவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீடு தெரு முனையில் இருந்தது. மார்க்கெட்டுக்குக் குறுக்கு வழியில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் பக்கவாட்டுச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போயிருந்தால் பரவாயில்லை, நின்று போனார்கள். நைனா முதலில் அந்தச் சுவரில் ‘இங்கே அசுத்தம் செய்யாதீர்’ என்று தமிழில் எழுதி வைத்தார். பிறகு அதையே தெலுங்கிலும் எழுதி வைத்தார். வந்தவர்கள் இரண்டு பாஷையையும் நிதானமாகப் படித்துக்கொண்டே நின்றார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாம்பழத்தைக் கூழாக்கி டப்பாவில் அடைக்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தவர், அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

“பாப்பா, நீதான் எந்நேரமும் கோடு இழுத்துக்கினே கீறியே. அந்த செவுத்துல ஒரு சாமிய வரஞ்சி வுடேன். ஒரு பய நிக்க மாட்டான்.”

அத்தை என்றால் நைனாவின் தங்கை. வீட்டில் பெரியவர்களுக்கு எல்லாம் அவள் பாப்பாதான். திருப்பதியில் கட்டிக்கொடுத்த அத்தை அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். ஏன் இருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் அம்மி இருக்கிறது, ஆட்டுக்கல் இருக்கிறது, அத்தை இருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ‘ஏன்’ எனக்குத் துண்டு துண்டாக, வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மாமியார் வீட்டில் அவள் மேல் ஒரு குறை சொன்னார்கள். அடுப்பில் சோறு தீய்கிறது, இவள் கரித்துண்டை எடுத்துச் சுவரில் மலை வரைந்துகொண்டிருக்கிறாள். பால் பொங்கி வழிகிறது, இவள் வழிந்த பாலில் விரலால் மீன் வரைகிறாள். இப்படிப்பட்டவளை நம்பிக் குழந்தையை எப்படி விடுவது? இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பையன் அப்பன் வீட்டுப் பிள்ளை, அங்கேயே இருக்கட்டும். பெண் கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்து மனசு தெளிந்து வரட்டும். நைனாவும் தலையாட்டினார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை விட்டு வந்தபோது அந்தக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. நான் சொல்கிற காலத்தில் அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். மலைக்குப் போய் முதல் மொட்டை போடும் வரை குழந்தையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். அதனால் அத்தையிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது.

நைனா சொன்ன அன்றே அத்தை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மறுநாள் கொல்லையில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து வர்ணம் கரைத்தாள். துணிக்குப் போடுகிற நீலம் ஒன்றில், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு இன்னொன்றில். செங்கல் பொடி, அடுப்புக்கரி, அவரை இலையை அரைத்து எடுத்த பச்சை. ஒட்டுவதற்குப் பசை காய்ச்சி எல்லாவற்றிலும் ஊற்றினாள். பல நாள் அவள் சுவரைவிட்டு நகரவில்லை. அம்மாதான் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய், “துன்னுட்டு வரையேன், செவுரு எங்கியும் ஓடிப்பூடாது” என்று கையில் வைத்துவிட்டு வருவாள்.

படம் முடிந்தபோது தெருவே வந்து நின்று பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

நடுவில் ஒரு மாமரம். ஆனால் தலைகீழாக. வேரெல்லாம் வானத்தில் விரிந்திருந்தது, காய்கள் தண்ணீருக்குள் தொங்கின. மேலே இருந்த ஒரு வேரில் சிவப்புச் சேலையால் கட்டிய தூளி ஒன்று, காலியாக. அந்தச் சேலையின் நுனி கீழே தொங்கித் தொங்கி, நீண்டு, ஒரு ரோடாக மாறிப் போனது. ரோட்டில் எறும்பு அளவுக்கு ஒரு பஸ். ரோடு போய்ச் சேருகிற இடத்தில் மலை. மலை மேல், மலையைவிடப் பெரிதாக, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது ஒரு குழந்தை. கீழே, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண். அவளுடைய முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். அவிழ்ந்த தலைமயிர் தண்ணீரில் கலந்து, அதுவே அலையாகப் போய்க்கொண்டிருந்தது. மீன்கள் அவளைச் சுற்றி வளையல்களைக் கவ்விக்கொண்டு நின்றன.

மலை மேல் இருந்த குழந்தைக்கு முகம் இல்லை. கோதுமை நிறத்தில் வழவழவென்று ஒரு வட்டம், அவ்வளவுதான். கண், மூக்கு, வாய் ஒன்றும் கிடையாது.

நான் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன்.

“மரம் ஏன் அத்த தலகீழா கீது?”

“எனுக்கு அப்படித்தான் வந்துச்சி.”

“எப்ப?”

“தூங்கச்சொல்ல, கனாவுல.”

“அந்த பஸ் எங்க போவுது?”

“திருப்பதிக்கு.”

“உள்ள யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல. காலி பஸ்.”

“அந்த பாப்பாக்கு ஏன் மூஞ்சி இல்ல?”

அத்தை தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “பாத்துட்டு வந்து வெக்கறேன்.”

யாரைப் பார்த்துவிட்டு என்று நான் கேட்கவில்லை. அதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது.

நைனா படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “சாமி எங்க பாப்பா?” என்று கேட்டார். “அண்ணா, ஒரே ஒரு தபா திருப்பதிக்கு இட்டுக்கினு போ. பையனத் தூர நின்னு பாத்துட்டு வந்துடறேன். அந்த ஒண்ணுதான் பாக்கி” என்றாள்.

“போலாம், போலாம். மாங்கா சீசன் முடியட்டும்” என்றார் நைனா. சீசன் நேரத்தில் கம்பெனியில் லீவு கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் சீசன் இல்லாத மாதங்களிலும் அவர் அதையேதான் சொல்லிவந்தார்.

இப்போது எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி டிரைவரின் மனைவி. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. அந்த அக்கா ஒரு வெள்ளிக்கிழமை தலைகுளித்துவிட்டு வந்து, சுவருக்கு முன்னால் நின்று, திடீரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தண்ணியில நிக்கறா, தல விரிச்சிக்கினு கீறா. கங்கம்மா இல்லாம வேற யாரு? தொட்டில் வேற தொங்குது!”

கோயில் மரத்தில் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே தூளியைப் பார்த்ததும் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அது பிள்ளை கொடுக்கிற கங்கம்மா.

அத்தை ஓடிவந்து, “அது சாமி இல்லக்கா” என்றாள்.

“உனுக்கு இன்னா தெரியும்? சாமி உன் கையில வந்து வரஞ்சிட்டுப் போயிருக்கு. நீ சும்மா கை குடுத்தவ” என்றாள் அக்கா.

குங்குமம் வைக்கத்தான் இடம் சரியாக அமையவில்லை. அம்மன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முதுகுக்குப் பொட்டு வைக்க முடியாது. எனவே ஏணி வைத்து ஏறி, மேலே இருந்த குழந்தையின் வெற்று முகத்தில், நெற்றி இருக்க வேண்டிய இடம் என்று குத்துமதிப்பாக ஓர் இடத்தைப் பிடித்து, பெரிய பொட்டாக வைத்தார்கள். அத்தை அன்று சாயந்தரம் ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். மறுநாள் மறுபடியும் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து எதிர்வீட்டு அக்கா வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? புத்தலப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மாமரத்து வேர்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து நிஜத் தொட்டில்கள் தொங்கவிட்டார்கள். கற்பூரப் புகையில் மீன்கள் கறுத்தன. ஒருவரும் அங்கே நின்று ஒண்ணுக்குப் போகவில்லை. நைனாவுக்குத் தெருவில் மரியாதை கூடிவிட்டது. டீக்கடையில் அவருக்கு முதலில் டீ வந்தது. எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி இல்லாத நாளே இல்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில் செல்வாக்குத்தான். ‘கங்கம்மா வீட்டுப் பையன்’ என்று பெரிய வகுப்புப் பையன்கள்கூட எனக்குக் கிரிக்கெட்டில் முதல் பேட்டிங் கொடுத்தார்கள்.

அத்தை மட்டும் முன்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தால் கூட்டத்தில் யாராவது ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். “வரைஞ்ச கை. எனுக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லும்மா” என்று கெஞ்சுவாள். தன் பிள்ளையைப் பார்க்க வழியில்லாதவளிடம் ஊரே பிள்ளை கேட்டது. அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பிறகு ஒரு வாரத்தில் மூன்று கெட்ட காரியம் நடந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பால்காரர் எருமை செத்துப்போனது. எதிர்வீட்டு அக்கா வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாளே நல்லபடியாகத் திரும்பிவந்துவிட்டாள் என்றாலும் தெரு பயந்துவிட்டது. எங்கள் தெருவில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்கிற ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அவரைப் பெத்தாயன என்று தெலுங்கில்தான் மரியாதையாகச் சொல்வார்கள். அவர் வந்து படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“கண்ணு தெறக்காத சாமிக்கு இத்தினி நாளு கற்பூரம் காட்டிக்கினு கீறீங்க. தெருவுக்கு எப்படி ஆவும்? எந்தக் கோயில்ல கண்ணு வெக்காம பூஜ பண்றான்?”

எல்லாருக்கும் திக்கென்றது. ஆமாம், சிலை செய்தால் கடைசியில் கண் திறந்த பிறகுதானே அது சாமி.

அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள்.

“நான்தான் வெப்பேன்” என்றாள்.

“அப்ப இன்னிக்கே வெய்யி.”

“இன்னிக்கு முடியாது. எனுக்குத் தெரியல இன்னும்.”

“எது தெரியல?” என்றார் பெத்தாயன. “ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு, ஒரு வாயி. நீ இன்னா மொதல் தபாவா மனுசன் மூஞ்சியப் பாக்கற?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயந்தரம் நைனா வேலையிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கிவந்தார். அம்மாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி கொடுத்தார். “பாப்பா, வெள்ளிக்கிழம நீயும் உங்க அண்ணியும் திருப்பதிக்குப் போய்ட்டு வாங்க. பையனப் பாத்துட்டு வா. அங்க ஒரு ஆள்கிட்ட சொல்லி வெக்கறேன்” என்றார்.

அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நைனாவின் காலைத் தொட வந்தாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, “ஏய், இன்னாது இது” என்று வெளியே போய்விட்டார். நைனா எவ்வளவு நல்லவர் என்று அன்று நான் நினைத்தேன்.

அத்தை மாம்பழக் கூழைத் தட்டில் ஊற்றி, வெயிலில் அடுக்கடுக்காகக் காயவைத்து, தாண்ட்ரா செய்தாள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வாழைச் சருகில் கட்டினாள். எனக்கு ஓரத்துத் துண்டுகள் மட்டும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளும் அம்மாவும் பஸ் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, “வர்ணம் கரைக்கணும்டா. சாயந்தரம் எனுக்கு ஒத்தாசை பண்ணு” என்றாள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. லாரிகளுக்கும் கடைகளுக்கும் போர்டு எழுதுகிற பெயிண்டர். ஹேண்டில்பாரில் எனாமல் டப்பாக்கள் தொங்கின. பெத்தாயன வந்தார், மேளக்காரர் வந்தார். கன்றோடு ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்ததும் சாமி முதலில் பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் பசுவும் கன்றும். நைனா குளித்துவிட்டுப் புது வேட்டி கட்டியிருந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு கிடைத்திருந்தது.

பெயிண்டர் சாரத்தின் மேல் ஏறி, வெற்று முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார்.

“எந்த மாதிரி கண்ணுபா வெக்கறது? எனுக்கு லாரிக்கு வெக்கற பூதக் கண்ணுதான் கை வரும். சின்னப்புள்ள கண்ணுன்னா பாத்துத்தான் போடணும்.”

நைனா என்னை முன்னால் தள்ளினார். “இவனப் பாத்துப் போடு. எங்க வூட்டு ரத்தம்தானே. அவ புள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும்.”

ஒரு மாங்காய்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். திறக்கிற கண்ணை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதால் பெயிண்டர் கையில் ஒரு கண்ணாடி. சுற்றிலும் வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். சுவருக்கு முதுகைக் காட்டி, என்னை நேராகவும் சுவரைக் கண்ணாடிக்குள்ளும் பார்த்துப் பார்த்து அவர் தூரிகையை ஓட்டினார்.

“சிமிட்டாதடா. சாமிக்கு வெக்கற கண்ணு. நல்லா அகலமா முழி.”

நான் முழித்தேன். எனாமல் வாசனையில் கண்ணீர் வந்தது. ஆனாலும் சிமிட்டவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பதவி எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

திரை விலகியது, மேளம் கொட்டியது. மேலே, மலைமேல், என் கண்கள். உருண்டையாக, பெரிதாக, பளபளவென்று. கீழே சிரிக்கிற சிவப்பு வாய். கன்றுக்குட்டியைச் சாமியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது அந்தச் சுவரோரமாகவே நின்று நிதானமாக ஒண்ணுக்குப் போனது. “சுபம், சுபம்” என்றார் பெத்தாயன. நைனா மட்டும் ஒரு நொடி முகத்தைச் சுளித்தார்.

சாயந்தரம் அத்தையும் அம்மாவும் வந்தார்கள். தெரு முனையில் அவர்களைக் கண்டதும் நான் ஓடினேன். “அத்த, அத்த” என்று கத்தினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலைமேல் நிறைகுடம் வைத்திருப்பவள் போல அடி அடியாக வந்தாள். யாரிடமும் பேசவில்லை. வாசல் பக்கம் கூட்டத்தையும் பார்க்காமல், சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போனாள். சிரட்டைகளில் வர்ணம் கரைத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. சிரட்டையும் தூரிகையுமாகச் சுவருக்கு வந்தாள். அப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்தாள்.

“என் கண்ணு அத்த! என்னப் பாத்துத்தான் வெச்சாங்க!” என்றேன் நான்.

அத்தை ஏணியில் கால் வைத்தாள். பெத்தாயன கத்தினார். “கை வெக்காத! தெறந்த கண்ண மூடக் கூடாது. தெருவே குருடாப் பூடும்!” பெண்கள் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். சிரட்டை கவிழ்ந்தது.

“வுடு பாப்பா” என்றார் நைனா. “நல்லாத்தான் கீது. உன் புள்ள மாதிரியேதான் கீது.”

“உனுக்கு எப்படி அண்ணா தெரியும்?” என்றாள் அத்தை. “நீ அவனப் பாத்தியா?”

நைனா வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

அம்மா அப்போதுதான் மாலையையும் மேளக்காரரையும் பசுவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நைனாவின் புது வேட்டியைப் பார்த்தாள். “அதுக்குத்தானா எங்கள அனுப்பிச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை.

அத்தைக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. தலை அவிழ்ந்தது. “என் புள்ள, என் புள்ள” என்று ஒரு குரல் எழுப்பினாள் பாருங்கள், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. உடனே எதிர்வீட்டு அக்கா, “அம்மன் எறங்கிட்டா!” என்று கூவினாள். மேளம் மறுபடியும் கொட்டியது. யாரோ அத்தை கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள், யாரோ கால்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் அழ அழ, ஒருத்தி மாற்றி ஒருத்தி காலில் விழுந்து, “தாயே, எனுக்கு எப்ப புள்ள பொறக்கும், சொல்லு” என்று கேட்டார்கள்.

நைனா கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. உங்கள் தாத்தா அவர், உங்களுக்கே தெரியும். எந்தக் காரியமும் சத்தமில்லாமல் முடிய வேண்டும் என்று நினைப்பவர். தங்கை விஷயத்தில் அவர் அப்படி இரண்டு காரியங்களை முடித்தார்: அன்று பெரியவர்கள் பேச்சுக்குத் தலையாட்டியது ஒன்று, இந்தக் கண் திறப்பு ஒன்று. இரண்டிலும் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

திருப்பதியில் நடந்ததை அம்மா எனக்கு வெகுகாலம் கழித்துச் சொன்னாள். வீட்டுக்குள் அவர்களை விடவில்லை. நைனா சொல்லிவைத்ததாகச் சொன்ன ஆளையும் காணோம். பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றார்கள். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தபோது, “எவன்னு எப்படித் தெரியும்?” என்று அம்மா கேட்டாளாம். அதற்குள் அத்தை நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். தாண்ட்ராப் பொட்டலத்தை நீட்டியதும் அந்தப் பையன், “நூவு எவரு?” என்றானாம். நீ யார் என்று தெலுங்கில். அத்தை பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாளாம். அவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இனிப்பாக இருந்ததால், அவளைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான். அதற்குள் அவனைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது.

“சின்னக் கண்ணுடா அவனுக்கு” என்றாள் அம்மா. “சிரிச்சா காணாமப் பூடும். ரெண்டு கோடு மாதிரி. உன்னோட முட்டக்கண்ணு மாதிரி இல்லவே இல்ல. பஸ்ல வரச்சொல்ல முழுக்க அவ கண்ணத் தெறக்கல. ‘பேசாத அண்ணி, கலஞ்சிடும்’னு சொன்னா.”

கலைந்துதான் போனது. கொஞ்ச நாள் கழித்து அத்தை அம்மாவிடம் சொன்னாளாம், “கண்ண மூடினா அவன் வர்ல அண்ணி. செவுத்துல கீற இவன்தான் வந்து நிக்கறான்.” அதற்கப்புறம் அவள் கரித்துண்டைத் தொட்டு யாரும் பார்க்கவில்லை. சோறு தீயவில்லை, பால் பொங்கவில்லை. மனசு தெளிந்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் திருப்பதியிலிருந்து யாரும் அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு தெருவில் வேப்பமரத்தில் பால் வடிந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது. மழை வந்தது. அவரை இலைப் பச்சையும், துணி நீலமும், செங்கல் பொடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. முதலில் பஸ் போனது, பிறகு ரோடு, பிறகு தூளி. தண்ணீரில் நின்றவளும் தண்ணீரோடு போனாள். எனாமலில் வைத்த கண்களும் வாயும் மட்டும் வெள்ளைச் சுவரில் அப்படியே நின்றன. அந்தக் கண்களுக்குப் பயந்து அதற்குப் பிறகும் யாரும் அங்கே ஒண்ணுக்குப் போகவில்லை. நைனா நினைத்தது நடந்துவிட்டது.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஊரே என் கண்ணைப் பார்க்கிறது, அத்தை மட்டும் என்னைப் பார்ப்பதில்லை. சோறு போட்டால் தட்டைப் பார்த்துப் போடுவாள். தலை வாரினால் பின்னால் நின்று வாருவாள். எனக்குக் கோபமாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவள் வாசல் பெருக்க வருகிற நேரமாகப் பார்த்து, அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொள்வேன். பெயிண்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி சிமிட்டாமல், எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாகக் கண்ணை விரிப்பேன்.

“அத்த, இங்க பாரு” என்பேன். “அத்த, இங்க பாரேன்.”